நின்றால்தான் வரும் செடி

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவி கேம் கேசட்டை உருவி எடுத்து, அதன் அடிவாயில் நம் வாயை வைத்து ஓர் ஊது ஊதி, சட்டை நுனியில் துடைத்துத் திரும்பச் சொருகினால் படம் வரும். இப்போதுள்ள பிள்ளைகள், ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை, எச்சில் பட்டுத் துருதான் பிடித்திருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஊதினால் படம் வந்தது. ஊதிய பிறகு உதட்டில் ஒட்டும் அந்தக் கரிப்பு ருசி, ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை.

நீங்களெல்லாம் ஆடிய விளையாட்டைத்தான் சொல்கிறேன். குட்டையாக ஒருத்தன் ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் தாண்டுவான், சுவர் வந்தால் ஏறுவான். குழாய்களுக்குள்ளிருந்து செடிகள் வாயைத் திறந்துகொண்டு எழும்பும், கொஞ்ச நேரம் பல்லைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். அந்தச் செடிகள் உங்களுக்குப் பழக்கமானவை. நான் சொல்ல வந்தது வேறொரு செடி. அது குழாயில் இருக்காது. வேரைப் பிடுங்கிக்கொண்டு, அந்த வேரையே காலாக ஊன்றி நடந்து வரும். விளையாட்டு முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் வரும், அதுவும் ஓடுகிறவனுக்கு வராது. கடைசிக் கட்டங்களில் ஒன்றில் ஓர் உடைந்த பூந்தொட்டி இருக்கும். அதன் பக்கத்தில் பேசாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் வரும்.

அதைப் பார்க்காமலே விளையாட்டை முடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். என் அக்காவும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் பார்க்காமல் போன கதை வேறு.

எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கு ஈப்போ பக்கத்துச் செமோரிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு நடுவீடு. அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. நாங்கள் இரண்டும் பெண்பிள்ளைகள், அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள். அந்த ஆண்டுக் கடைசியில், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், அவள் வயதுக்கு வந்தாள்.

இங்கே எங்கள் குடும்பத்து உறவுமுறையைச் சொல்லியாக வேண்டும். அம்மா கட்டியிருந்தது தன் சொந்தத் தாய்மாமனை. பெண்ணை வெளியே கொடுக்காத குடும்பம் என்பதில் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு பெருமை. அதே வழக்கப்படி அக்காவை அம்மாவின் தம்பிக்குத்தான் கொடுப்பது என்று, அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்துவிட்டார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் மாமா. ஜெலாப்பாங்கில் ரேடியோ சாமான் செய்கிற ஃபேக்டரியில் வேலை. மீசை சரியாக முளைக்காத வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்சைக்கிளில் வருவார். பாதை திரும்பும் இடத்திலேயே ஹாரன் அடிப்பார், அக்கா உள்ளே ஓடிப்போய்த் தலை சீவுவாள்.

சடங்குக்குத் தாய்மாமன் சீர் கோயில் வாசலிலிருந்து மேளத்தோடு வந்தது. பட்டுச்சேலைத் தட்டு, வளையல் தட்டு, பழத் தட்டு, லட்டுத் தட்டு என்று பெண்கள் வரிசையாகத் தூக்கி வந்தார்கள். கடைசித் தட்டை மாமாவே பிடித்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு டிவி கேம் மெஷின் இருந்தது. ஒயரெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு அத்தை வாயில் கையை வைத்தாள். "சடங்கான பொண்ணுக்கு யாராச்சும் வெளையாட்டு சாமான் வைப்பாங்களா? தம்பி, ஒனக்கு மண்டையில என்னா இருக்கு?"

"பாப்பாவ இனிமே வெளிய வுட மாட்டீங்கல்ல அத்தே? வூட்டுலயே அடைஞ்சி கெடக்கணும். பொழுது போவேணாமா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பந்தலில் புதுச்சேலை பாரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த அந்த வாய்களே அடுத்த சில வாரத்திலேயே, சீர்த்தட்டிலேயே சனியன் வந்து உட்கார்ந்தது என்று பேசப்போகின்றன. யாருக்குத் தெரியும்?

எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. இழுத்து மூடுகிற கதவு வைத்த மரப்பெட்டி, நாலு கால். சூடேறினால் தூசி வெந்த வாசம் வரும். அதன் முன்னால் மூக்கு முட்ட உட்கார்ந்துகொள்பவள் நான். "கிட்ட ஒக்காராதடி, கண்ணு அவிஞ்சு போவும்" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைப்பாள். அக்கா அப்படி உட்கார மாட்டாள். ஒயர் எட்டுகிற மட்டும் பின்னால் போய், அடுப்பங்கரை வாசற்படியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் ஆடுவாள். "பெரியவளப் பாரு, எப்படி தள்ளி ஒக்காந்திருக்கா" என்று அம்மா அவளை எனக்கு உதாரணம் காட்டுவாள். அவ்வளவு தள்ளிப் போனால்தான் திரையில் பாதியாவது அக்காவின் கண்ணுக்குள் அடங்கியது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூக்கு முட்ட உட்கார்ந்த எனக்கு இன்றைக்கும் கண்ணாடி கிடையாது.

அந்தச் செடியைப் பற்றிச் சொன்னவரும் மாமாதான். ஃபேக்டரியில் கூட வேலை செய்கிற சீனப் பையன் வீட்டுக் கலர் டிவியில் பார்த்தாராம்.

"நீலம் பாப்பா. அந்த மாரி நீலத்த நான் எங்கயும் பாத்ததில்ல. வேரு நாலும் நண்டு காலு மாரி. மெதுவா வரும். ஓடுனா வராது, நின்னாதான் வரும். நீ பாத்துட்டு எனக்குச் சொல்லணும்."

"பொய் சொல்லாத மாமா."

"சத்தியமா லா. பாத்துட்டு சொல்லு."

அவ்வளவுதான். அக்காவுக்கு அந்த விடுமுறை முழுவதும் அதே நினைப்பு. அவள் நன்றாக ஆடுவாள். நேர் எதிரே வருகிற எதுவும் அவளிடம் தப்பாது. அவளைக் கொன்றதெல்லாம் ஓரங்களிலிருந்து வந்தவைதான். மேலிருந்து விழுகிற கல், கீழே ஊர்ந்து வருகிற பூச்சி. செத்த பிறகு, "எதுடி கடிச்சது?" என்று என்னைக் கேட்பாள். நான் சொல்வேன். "ஓ" என்பாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள்.

ஒரு மத்தியானம் மழையில் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருக்கும்போது, அந்த உடைந்த தொட்டி வரைக்கும் போய்விட்டாள். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். குட்டை ஆள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் இடது மூலையில், அடியில், அது வந்தது. எங்கள் டிவியில் கறுப்பாகத் தெரிந்தது. வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் வந்தது.

"அந்தா! அக்கா, அந்தா வருது!"

"எங்க?"

"அந்தா, இடது பக்கம்! குதி, குதி!"

"எங்கடி? எங்க?" அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். செடி வாயைத் திறந்து ஆளை விழுங்கிவிட்டு, திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. செத்துப்போகிறபோது வருகிற அந்த இறங்கு மெட்டு கேட்டது.

"எதுடி கடிச்சது?" என்று கேட்டாள் அக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் என்னைக் கிண்டல் செய்வதற்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அதற்கப்புறமும் அந்த இடத்துக்கு அவள் போனாள். செடி ஒவ்வொரு முறையும் வந்தது. நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. கடைசியில், "நீயும் மாமாவும் சேந்துகிட்டு என்னைய ஏமாத்துறீங்க" என்று அழுதாள்.

அந்த விடுமுறையில்தான், வீட்டில் அடைந்து கிடந்தது போதும், வேலை பழகட்டும் என்று அப்பா அவளைப் பால்மரக் காட்டுக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தார். விடிவதற்கு முன்னால் போக வேண்டும். வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டியிருப்பார்கள். கூடப் போகிற பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சத்தில் சிந்துவதுதான். மங்கைத் துடைத்து, அதுதான் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பை, நிமிர்த்தி வைத்துக்கொண்டே முன்னால் போக வேண்டும். அக்கா மரத்தில் மோதினாள். கால்வாயில் இறங்கினாள். மங்குகளைத் தட்டிவிட்டாள். நெற்றியெல்லாம் புடைத்துக்கொண்டு வருவாள்.

"தூக்கக் கலக்கம்" என்றாள் அம்மா.

"திமிரு" என்றார் அப்பா.

ஒருநாள் பால் எடுக்கிற நேரம், நல்ல வெயில். நிறைந்த வாளியோடு வந்தவள் பாதையில் கிடந்த வேரில் தடுக்கி விழுந்தாள். அத்தனை பாலும் சருகில் கொட்டிப் போயிற்று. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னாலேயே அப்பா அக்காவை அறைந்தார். "எங்கடி பாத்து நடக்குற? வயசுக்கு வந்துட்டா கண்ணு வானத்துக்குப் போயிருமா?" அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. குனிந்து, தடுக்கிய அந்த வேரைக் கையால் தடவிப் பார்த்தாள். இது எங்கே இருந்தது, எனக்கு ஏன் தெரியவில்லை என்று தேடுகிற மாதிரி இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த கச்சான் கடலை வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் வைத்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

மாலைக்கண்ணாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் சொன்னாள். அம்மா வீட்டைச் சுற்றி முளைத்த கீரையை எல்லாம் பறித்து அவிக்க ஆரம்பித்தாள். அப்பா கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டார். கீரையும் கண்மலரும் கேட்காமல், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வாரம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். என்னை வீட்டில் விட ஆளில்லாமல் நானும் போனேன்.

கண் டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அக்காவை நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு விரலை அவள் காதோரத்தில் வைத்தார். "விரல் தெரியேக்க சொல்லும் பிள்ளை" என்றார். விரல் மெல்ல முன்னால் வந்தது. கன்னத்தைத் தாண்டியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, அக்கா பேசாமல் இருந்தாள். விரல் கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் "தெரியுது" என்றாள். இடது பக்கமும் அப்படியே, மேலும் கீழும் அப்படியே. அவளுக்குத் தெரியாத இடம்தான் செடி வருகிற மூலை என்று எனக்கு உடனே புரிந்தது. அக்கா நடிக்கவில்லை.

டாக்டர் எங்கள் அம்மாவைப் பார்த்தார். "நீங்களும் உங்கட அவரும் சொந்தமோ?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரிய டாக்டர் குடும்பத்தைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "என் சொந்தத் தாய்மாமன்தான் டாக்டரம்மா. எங்க வூட்டுல பொண்ண வெளிய குடுக்கிறதில்ல. இவளுக்கும் மாமன் ரெடியா இருக்கு" என்று அக்காவின் முதுகைத் தட்டினாள்.

டாக்டர் அக்காவின் அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு, இது பிறக்கும்போதே கூட வந்தது, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வரும், இதற்கு மருந்து இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"டிவியில கேமு வெளாடுவா டாக்டரம்மா. அதனாலயா?"

"அதால இல்லை."

அம்மா கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. எது காரணம் என்று அம்மாவும் அப்பாவும் கேட்கவில்லை, டாக்டரும் மேலே போகவில்லை. முகமெல்லாம் பெருமையாக உட்கார்ந்திருந்தவளிடம் அதற்கு மேல் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பஸ்ஸிலேயே அம்மா முடிவு செய்துவிட்டாள். "அந்த மெஷின் வர்ற வரைக்கும் புள்ள நல்லாத்தானே இருந்தா? டாக்டருக்கு என்னா தெரியும்?" அப்பா தலையை ஆட்டினார். மருந்து இல்லை என்று கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஏசுவதற்காவது ஒன்று வேண்டியிருந்தது. கையில் அகப்பட்டது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஹாரன் கேட்டது. அக்கா தலை சீவ ஓடவில்லை. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள், மெஷினை ஒயரோடு ஒரு பழைய சாக்கில் போட்டு வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போயிருடா. எம்புள்ள கண்ண தின்னுருச்சுடா உன் மெஷினு."

மாமா உள்ளே பார்த்தார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒரே ஒரு தடவ வெளாடிட்டுக் குடுக்கிறேன்மா. அந்தச் செடிய மட்டும் பாத்துர்றேன்" என்றாள். பார்வை முழுசாகப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரிந்ததா தெரியாது. "செடி ஒண்ணுதான் கேடு" என்று கதவைச் சாத்தினாள். மாமா சாக்கைத் தூக்கிக்கொண்டார். போகும்போது ஹாரன் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதிகம் வரவில்லை. எஸ்டேட்டை விற்றார்கள், பால்மரத்தைத் தள்ளிவிட்டு வீடு கட்டினார்கள். நாங்கள் செமோரிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு வீட்டுக்கு வந்தோம். அக்காவின் பார்வை டாக்டர் சொன்ன மாதிரியே குறுகிக்கொண்டு வந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள். அவளுக்குப் பதினெட்டு வயதானபோது ஒருமுறை நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். அதே டாக்டர். இந்த முறை என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து மாமா வந்தார். வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு வந்தார். மீசை நன்றாக வளர்ந்திருந்தது. அம்மாவின் காலடியில் தட்டை வைத்துவிட்டு, "யக்கா, பாப்பாவ நானே கட்டிக்கிறேன். கடசி வரைக்கும் கண்ணு மாரி பாத்துக்குவேன்" என்றார். அம்மா அழுதாள். அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், ஏனென்றால் அக்கா இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என் கண்ணக் கெடுத்த ஆள நான் கட்டிக்க மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அறைக்குள் போய்விட்டாள். மாமா தட்டைத் திரும்ப எடுக்கவும் இல்லை, வைத்துவிட்டுப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொள்ளவே அவருக்கு நேரம் பிடித்தது. இவ்வளவு கல்மனசா என்று நான் அக்காவிடம் பல நாள் பேசவில்லை. மாமா சித்தியவானில் பெண் கட்டி அங்கேயே போய்விட்டார். கல்யாணத்துக்கு நாங்கள் போனோம், அக்கா வரவில்லை.

அவள் வாழ்க்கை நின்றுவிடவில்லை. ஈப்போவில் பார்வையில்லாதவர்களுக்கான பயிற்சிக்குப் போனாள். ஓர் ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலை பார்த்தாள். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள், ஆபீசே அவளுக்குப் பயப்படும். விருப்ப ஓய்வு பெற்று இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அப்பா முன்னமே போய்விட்டார், அம்மா கடைசிவரை எங்களோடு இருந்தாள். பேரப் பிள்ளைகள் யாராவது கையில் போனை எடுத்தால் போதும், "அந்தப் பாழாப்போன கேமாலதான் ஒங்க பெரியம்மாவுக்குக் கண்ணு போச்சு" என்று ஆரம்பித்துவிடுவாள். அக்கா பக்கத்தில் இருந்தால், "ஆமாம்மா" என்பாள்.

இந்த வருஷம் அம்மா போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும் அல்லவா, மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவை நெருங்காமல், கோடிச் சேலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். கருமாதிக்கு மறுபடியும் வந்தார், கூடப் பேத்தி வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமா மெல்ல வந்து அக்காவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்.

"பாப்பா" என்றார். இந்த வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். "எங்கக்காகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல. அவளும் போயிட்டா. ஒன்கிட்டயாச்சும் கேட்டுக்கிறேன். அந்த மெஷின அன்னைக்கே கொண்டு போயி ஈயம் தோண்டுன பழைய கொளத்துல வீசிட்டேன். என் புள்ளைங்களுக்கு நான் ஒரு கேமு வாங்கிக் குடுத்ததில்ல. டிவி கிட்ட போனாலே அடிப்பேன். என்னா பண்ணி என்னா? ஒன் கண்ணக் கெடுத்தவன் நான்தான்."

அக்கா முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அம்மா போயாச்சு. இனிமே சொல்லலாம்" என்றாள்.

"என்னா பாப்பா?"

"மெஷினால இல்ல மாமா. இது ரத்தத்துல வந்தது. அம்மாகிட்டயும் இருந்துச்சு, அப்பாகிட்டயும் இருந்துச்சு, ஒரே ரத்தம்தானே? அவங்களுக்கு ஒண்ணும் செய்யல. ரெண்டும் சேந்து எனக்கு வந்துருச்சு. டாக்டரம்மா எனக்குப் பதினெட்டு வயசுலயே சொல்லிட்டாங்க. நீயும் சொந்தத்துலயே கட்டுனா ஒம்புள்ளைங்களுக்கும் வரலாம்னு சொன்னாங்க."

எனக்கும் இது பிற்பாடு அரைகுறையாகத் தெரிந்ததுதான். வாய்விட்டு ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் தண்ணீர் கேட்டது ஞாபகம் வந்தது.

"அப்ப அன்னைக்கு நீ சொன்னது..." என்று இழுத்தார் மாமா.

"வேற என்னா சொன்னா நீங்க போயிருப்பீங்க? புள்ளையே வேணாம், நீ மட்டும் போதும்னு நின்னிருப்பீங்க. காரணத்தச் சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். தாய்மாமனக் கட்டுனத அவ்ளோ பெருமையா நெனச்சவ. தன் கல்யாணத்தாலதான் மவளுக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியுமா? மெஷின ஏசிக்கிட்டு இருந்தா, அதுல அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு உங்களப் பலி குடுத்துட்டேன் மாமா."

மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் தாங்கவில்லை. கல்மனசு என்று நான் நினைத்தவள், காதலித்த ஆளையும் பெற்ற அம்மாவையும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றிவிட்டு, அதற்கான வலியைத் தானும் அவருமாகச் சுமக்க விட்டிருக்கிறாள். ஓர் ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள். யாரை நோவது?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாமாவின் பேத்தி மூலையில் படுத்துக்கொண்டு போனில் எதையோ ஆடிக்கொண்டிருந்தாள். செத்துப்போகிறபோது வருகிற அதே இறங்கு மெட்டு. அக்கா சட்டென்று தலையைத் திருப்பினாள்.

"கண்ணு, என்னா வெளாடுற?"

"பழைய கேமு பாட்டி. எந்த எடத்துக்கு வேணும்னாலும் நேரா போவலாம்."

"ஒடஞ்ச பூந்தொட்டி ஒண்ணு வரும் பாரு, கடசிக்குப் பக்கத்துல. அங்க போவ முடியுமா?"

குழந்தைக்கு அது ஒரு வேலையே இல்லை. நாங்கள் ஒரு விடுமுறை முழுக்கப் போராடிப் போன இடத்துக்கு விரலால் ரெண்டு தட்டுத் தட்டிப் போய்விட்டாள். அக்கா, "தாத்தாகிட்ட குடு" என்றாள். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்காவுக்கு அது தெரியாது, அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் போனை அவரே வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் பாத்துச் சொல்லுங்க மாமா. ஓடாதீங்க. நில்லுங்க."

"நிக்கிறேன் பாப்பா."

நானும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கலரில் அந்த இடத்தை முதன்முதலாகப் பார்க்கிறேன். குட்டை ஆள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது மூலையில், அடியில், அது வந்தது. மாமா அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை, அப்படி ஒரு நீலம். நாலு வேரையும் எடுத்து வைத்து, அதே நிதானத்தில் நடந்து வந்தது. மாமா குதிப்பார் என்று பார்த்தேன். அவர் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். செடி வாயைத் திறந்து விழுங்கிவிட்டுப் போய்விட்டது.

"அய்யோ, செத்துட்டான்" என்றார் மாமா. "எதும்மா கடிச்சது?"

"தாத்தா! செடி வந்துச்சே, நீலமா! பாக்கலியா?"

கண்ணீர் வழிந்து அவர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், கண்ணைத் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். "தெரியல பாப்பா. ஒண்ணுமே தெரியல" என்றார்.

அக்கா பாயில் கையால் தடவி அவர் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நேரமும் வாங்க, போங்க என்று பேசிக்கொண்டிருந்தவள், சடங்குப் பந்தலில் உட்கார்ந்திருந்த பிள்ளையாகப் பேசினாள்.

"பரவால்ல மாமா. ஓடாம இங்கயே இரு. மறுபடி வரும்."